கார்ட்டூன் படத்தை நடக்க வைக்கும் தாளக் கணக்கு

பந்திங், கிள்ளான் வட்டாரப் பிள்ளைகளுக்கு உப்பின், இப்பின் இரட்டையரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆனால் அவர்கள் ஓடும் காலடிச் சத்தமும் ராஜு வளர்க்கும் மாட்டின் குரலும் படப்பிடிப்பில் பதிவானவை அல்ல. அனிமேஷன் படம் ஊமையாகவே பிறக்கிறது. அதில் கேட்கும் ஒவ்வோர் ஒலியையும் யாரோ தனியாகச் செய்து சேர்க்க வேண்டும். அவற்றுள் படத்தின் நேரத்தையே அளந்து கொடுப்பது இசை.

திரைப்படத்தில் ஒரு விநாடிக்கு 24 பிரேம்கள் ஓடுகின்றன. நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் இசை அமைந்தால், ஒரு தட்டுக்கு 12 பிரேம்கள். 8 எண்ணிக்கை கொண்ட ஆதி தாளம் ஒரு சுற்று முடிய 96 பிரேம்கள், அதாவது சரியாக 4 விநாடிகள். கதாபாத்திரம் எந்தப் பிரேமில் கால் ஊன்ற வேண்டும் என்பதை ஓவியர் இந்தக் கணக்கை வைத்தே முடிவு செய்யலாம்.

1928-இல் வெளிவந்த டிஸ்னியின் 'ஸ்டீம்போட் வில்லி' படத்திலேயே இந்த முறை கையாளப்பட்டது. அதன் இசைப்பதிவில் முதலில் தாளமும் படமும் ஒத்துவரவில்லை. பிறகு படச்சுருளிலேயே துள்ளும் பந்து ஒன்றைப் பதித்து, அதைப் பார்த்து வாசிக்க வைத்தார்கள். இசை படத்தோடு சேர்ந்துகொண்டது.

பாட்டுக்கு ஆடும் காட்சி என்றால் இசை முதலில் தயாராகும். அதற்கேற்பப் படம் வரைவார்கள். துரத்தல், சண்டை, சோகம் போன்ற காட்சிகளுக்குப் பெரும்பாலும் படம் முடிந்த பிறகே பின்னணி இசை சேரும். நம் நாட்டின் 'போபோய்போய்' படங்களுக்கு யூரி வோங் இசையமைத்தார். தமிழில் 2007-இல் வந்த 'இனிமே நாங்கதான்' அனிமேஷன் படத்துக்கு இளையராஜாவும், 2014-இல் வந்த 'கோச்சடையான்' படத்துக்கு ஏ.ஆர்.ரஹ்மானும் இசையமைத்தனர்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. எஸ்பிஎம் ஆண்டு வந்ததும் மிருதங்கத்தையும் உறுமியையும் மூட்டை கட்டி வைப்பது பல வீடுகளில் வழக்கம். கோயில் திருவிழாவில் பிசகாமல் உறுமி அடிக்கும் பிள்ளைக்கு, மேலே சொன்ன கணக்கு ஏற்கெனவே கையில் இருக்கிறது. அது மட்டும் போதாது. கணினியில் இசை சேர்க்கவும், கதையின் உணர்ச்சியைப் படிக்கவும் பழக வேண்டும்.

அதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. உப்பின், இப்பினை உருவாக்கும் லெஸ் கோபாக் நிறுவனம் ஷா ஆலமில் உள்ளது. அனிமேஷன் கற்றுத்தரும் மல்டிமீடியா பல்கலைக்கழகம் சைபர்ஜெயாவில் இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸில் நம் இசையைக் கற்கலாம். தாளம் தெரிந்த பிள்ளைக்கு இப்படியும் ஒரு தொழில் இருக்கிறது என்று வீட்டில் ஒருமுறை சொல்லிவைப்பது நல்லது.