கால்பந்தில் ஒரு கல்லணை!



சம்பா அறுவடை முடிந்து, தாள் காய்ந்து கிடக்கும் வயலில் பந்து விளையாடுவீர்கள் அல்லவா? அணி பிரிக்கும்போது என்ன நடக்கும்? "நான்தான் ஃபார்வர்டு!" என்று எல்லாரும் கையைத் தூக்குவீர்கள். "நீ நடுவில் நின்று தடு" என்று ஒருவனிடம் சொன்னால், தண்டனை கிடைத்ததுபோல அவன் முகம் வாடிவிடும். அந்த இடம் எவ்வளவு பெரியது என்று இன்று பார்ப்போமா?

முதலில் கல்லணைக்குப் போவோம். கரிகாலன் கட்டியதாகச் சொல்லப்படும் அணை அது. பாய்ந்து வரும் தண்ணீரைத் தடுத்து நிறுத்துவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறதா? இல்லை. காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரித்து அனுப்புகிறது. வெள்ளம் மிஞ்சினால் கொள்ளிடத்தில் திருப்பி விடுகிறது. அணையில் ஒரு நெல்மணிகூட விளைவதில்லை. ஆனால் ஒரத்தநாட்டிலும் பட்டுக்கோட்டையிலும் பயிர் பச்சையாக நிற்பது அந்தத் தண்ணீரால்தான்!

கால்பந்திலும் இப்படி ஓர் ஆள் உண்டு. அவர்தான் தடுப்பு நடுக்கள வீரர். 'டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர்' என்பார்கள். எதிரணியின் பாய்ச்சலைத் தடுப்பார். பறித்த பந்தைத் தன் ஆட்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். ஆபத்து மிஞ்சினால் பந்தைக் கோட்டுக்கு வெளியே தள்ளிவிடுவார்.

சென்னைத் தம்பி

நம் தமிழகத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1994-இல் பிறந்த தனபால் கணேஷ், வடசென்னை வியாசர்பாடிப் பையன். 2015-இல் சென்னையின் எஃப்.சி. அணியில் இடம் பெற்றார். அந்த ஆண்டே அந்த அணி ஐ.எஸ்.எல். கோப்பையை வென்றது.

2018 மார்ச் 13 அன்று சென்னையில் கோவா அணியுடன் அரையிறுதி ஆட்டம். சென்னை 3-0 என்று வென்றது. அதில் ஒரு கோல் கணேஷ் போட்டது! நான்கு நாள் கழித்து நடந்த இறுதி ஆட்டத்தில் பெங்களூருவை 3-2 என்று வென்று, சென்னை மீண்டும் கோப்பையைத் தூக்கியது. ஆனால் இந்த இடத்தில் ஆடுபவருக்கு இடியும் அடியும் அதிகம். முழங்கால் காயத்தால் அடுத்த பருவம் முழுவதும் அவரால் ஆட முடியவில்லை.

இத்தாலி அண்ணன்

2015-இல் சென்னை அணியின் பயிற்சியாளர் யார் தெரியுமா? இத்தாலியின் மார்க்கோ மாத்தராஸி. 2006 உலகக் கோப்பையை வென்ற இத்தாலி அணியில் ஆடியவர். அதே அணியில்தான், இந்தத் தடுக்கும் வேலையில் உலகப் புகழ் பெற்ற ஜெனாரோ கட்டூஸோவும் இருந்தார்.

கட்டூஸோ 1978-இல் தெற்கு இத்தாலியின் கலாப்ரியா பகுதியில் பிறந்தவர். உயரமானவர் அல்ல. பந்தை வைத்து வித்தை காட்டுபவரும் அல்ல. ஆனால் ஓட்டம்... அப்படி ஓர் ஓட்டம்! 'ரிங்கியோ' என்பது அவருடைய செல்லப் பெயர். உறுமல் என்று பொருள்!

1999 முதல் 2012 வரை ஏ.சி. மிலான் அணிக்காக 468 ஆட்டங்கள் ஆடினார். அவர் போட்ட கோல்கள் வெறும் 11. இத்தாலிக்காக 73 ஆட்டங்கள். ஒரே ஒரு கோல்! 'இவ்வளவுதானா?' என்கிறீர்களா? இன்னொரு கணக்கைப் பாருங்கள். 2006 உலகக் கோப்பையில் இத்தாலி ஏழு ஆட்டங்கள் ஆடியது. வாங்கிய கோல்கள் இரண்டே இரண்டு. அதில் ஒன்று தன் ஆளே தவறிப் போட்டது, மற்றது பெனால்டி. கட்டூஸோ பந்தைப் பறிப்பார். பக்கத்தில் நிற்கும் ஆந்த்ரேயா பிர்லோவிடம் கொடுப்பார். பிர்லோ அதை அழகாக முன்னே அனுப்புவார். பறித்தவர் பெயர் கோல் பட்டியலில் வராது!

2011-இல் கண் நரம்பு நோயால் அவருக்கு எல்லாமே இரண்டிரண்டாகத் தெரிந்தது. சில மாதங்கள் ஒதுங்கியிருந்து, 2012-இல் மறுபடி களம் இறங்கினார். 2025-இல் இத்தாலி அணியின் பயிற்சியாளர் பொறுப்பும் அவரைத் தேடி வந்தது.

ஒன்றை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளாதீர்கள்: கோபம். 2011-இல் எதிரணியின் துணைப் பயிற்சியாளரோடு மைதானத்திலேயே மோதி, தடை வாங்கினார். தடுப்பவருக்கு வேகம் வேண்டும், ஆத்திரம் கூடாது.

நீங்களும் பழகலாம்

* பந்துக்கும் உங்கள் கோலுக்கும் நடுவில் நில்லுங்கள்.
* எதிராளி மேல் பாயாதீர்கள். அவரை மெல்ல ஓரக்கோட்டுப் பக்கம் ஒதுக்குங்கள்.
* பந்து கிடைத்ததும் தலையை நிமிர்த்திப் பாருங்கள். அருகில் இருக்கும் தோழனுக்கு உடனே கொடுங்கள்.
* உங்கள் அணியில் ஒருவன் முன்னே ஓடினால், அவன் விட்ட இடத்தை நீங்கள் காத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை தொலைக்காட்சியில் கால்பந்து பார்க்கும்போது ஒரு வேலை செய்யுங்கள். ஐந்து நிமிடம் பந்தைப் பார்க்காதீர்கள். நடுவில் நின்று தடுக்கும் அந்த ஒருவரை மட்டும் பாருங்கள். எத்தனை முறை ஓடினார், எத்தனை முறை பறித்தார், யாருக்குக் கொடுத்தார் என்று நோட்டில் குறியுங்கள். கைதட்டல் கோல் போட்டவருக்குப் போகட்டும். அந்தப் பந்து எங்கிருந்து புறப்பட்டது என்பது உங்கள் நோட்டில் இருக்கும்!