பார்த்து வரைதல்

பார்த்து வரைதல் என்பது, தமக்குப் பிடித்த ஓவியர் ஒருவரின் படங்களை மீண்டும் மீண்டும் பார்த்து வரைந்து, அவர் கையாண்ட உத்திகளைக் கற்கும் முறையாகும். ஆசிரியர் அருகில் இல்லாமலே கற்க இயல்வதால் இதனை ஏகலைவன் வழி எனலாம். தமிழ்நாட்டில் வார இதழ்களும் நாட்காட்டிகளுமே பலருக்கு ஓவியப் பள்ளியாக இருந்தன.

தமிழ்நாட்டில்

ராஜா ரவி வர்மா (1848 - 1906) 1868 இல் திருவனந்தபுரம் வந்த தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் வரைவதை அருகிலிருந்து பார்த்தே எண்ணெய் வண்ண உத்திகளை அறிந்துகொண்டார். ஜென்சன் அவருக்குக் கற்பிக்க இசையவில்லை என்பர். 1894 இல் ரவி வர்மா தொடங்கிய அச்சகத்தின் படங்கள் பிற ஓவியர்களுக்கு முன்மாதிரியாயின. கோவில்பட்டியில் கொண்டைய ராஜுவும் (1898 - 1976) அவர் மாணவர்களும் வரைந்த நாட்காட்டித் தெய்வங்களில் அச்சாயல் தெரியும்.

கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வெளியான பொன்னியின் செல்வனுக்கு மணியம் (1924 - 1968) வரைந்த வந்தியத்தேவனும் குந்தவையும் இன்றும் பார்த்து வரையப்படுகின்றனர்.

முறைகள்

தாளை மேலே வைத்துத் தடம் எடுப்பது எளிது. ஆனால் கண் எதையும் அளப்பதில்லை. கட்டம் போட்டு வரைதல் திரைப்பட விளம்பரப் பதாகைகளிலும் பயன்பட்டது. கண்ணளவில் வரைந்தபின், மூலத்தை மூடிவைத்து நினைவிலிருந்து மறுபடி வரைந்து ஒப்பிடுவது சிறந்தது. எங்கே வேறுபடுகிறதோ அங்கே சரியாகப் பார்க்கவில்லை என்று பொருள்.

இடர்கள்

இதழ் ஓவியங்கள் பெரும்பாலும் பெரிய அளவில் வரையப்பட்டு, அச்சுக்காகச் சிறிதாக்கப்படுபவை. இதை அறியாதவர், அச்சில் கண்ட மயிரிழைக் கோடுகளை அதே அளவில் போட முயன்று சோர்வடைவர். மலிவான தாளில் மை பரவுவதால் நெருங்கிய கோடுகள் கரும்பட்டையாகிவிடும். அச்சின் இக்குறையை ஓவியரின் பாணி எனக் கருதுவோரும் உண்டு. எக்கோடு முதலில் போடப்பட்டது என்பதும் முடிந்த படத்தில் தெரிவதில்லை.

ஒருவரையே பின்பற்றினால் அவருடைய பழக்கங்களும் கையில் ஒட்டிக்கொள்ளும். எல்லா முகங்களுக்கும் ஒரே கண் அமைந்துவிடும். எனவே நேரில் பார்த்து வரைவதும் தேவை. ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' வரைந்த சில்பி, கோயில்களுக்கே சென்று சிற்பங்களின் முன் அமர்ந்து வரைந்தவர்.

பதிப்புரிமை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி (1957), ஓவியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் பொதுவாக உரிமை நீடிக்கும். தனிப்பட்ட பயன்பாட்டுக்காக நியாயமான அளவில் கையாள்வது உரிமை மீறலாகாது, விற்பனை அவ்வாறன்று. பயிற்சிப் படத்தை வெளியே காட்டும்போது "மணியத்தைப் பார்த்து வரைந்தது" என்பது போல் மூல ஓவியரின் பெயரைக் குறிப்பது நல்ல வழக்கம்.