தீவில் கூடாரம் வேண்டாம்

மணப்பாட்டில் கருமேனியாறு கடலில் சேரும் கழிமுக மணல்திட்டில் நின்று தூண்டில் போடலாம். அந்த மணல்திட்டு தேசியப் பூங்கா எல்லைக்குள் வராது. விடுமுறைக்கு வந்தவர்கள் வள்ளக்காரரிடம், "அண்ணே, ஒரு ராத்திரி தீவுல தங்கி மீன் பிடிக்கணும், கூட்டிட்டுப் போங்க" என்று கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் வரையுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. பவளப்பாறையை வெட்டி எடுத்த காலத்தின் பலனாக விலாங்குசல்லி தீவு இன்று நீருக்குள். வான் தீவும் தேய்ந்து சிறுத்து, அதைக் காக்கக் கடலில் செயற்கைப் பாறைகளை இறக்க வேண்டி வந்தது. அங்கே அடுப்பு மூட்டவும் நங்கூரம் எறியவும் இடமில்லை.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, அனுமதியின்றித் தீவில் கால் வைப்பதே குற்றம். 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கடலாமையையோ ஆவுளியா என்ற கடற்பசுவையோ வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது.

ஆனால் பெரிய இழப்பு வள்ளக்காரருக்கு. குற்றத்துக்குப் பயன்பட்ட படகைப் பறிமுதல் செய்யவும், பின்பு அரசுடைமையாக்கவும் அதே சட்டம் இடம் தருகிறது. வந்தவர் வழக்கறிஞர் வைத்து ஊர் திரும்புவார். இவர் வீட்டில் உலை கொதிக்காது.

அப்படி நேர்ந்துவிட்டால் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. வழக்கு முடியும்வரை படகை இடைக்காலமாக விடுவிக்கக் கோரி நடுவர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். வனவிலங்கு வழக்கில் பிடிபட்ட வாகனத்தை விடுவிக்க நடுவருக்கு அதிகாரம் உண்டென்று உச்ச நீதிமன்றம் 2008-ல் உறுதி செய்திருக்கிறது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். காவலில் இருப்பவருக்கு இலவச வழக்கறிஞர் உண்டு. சட்ட உதவி எண் 15100.

கரையில் நின்றாலும் கவனம் வேண்டும். ஆமை தூண்டிலில் மாட்டினால் முள்ளைப் பிடுங்காமல், தூண்டில் நரம்பை முள்ளுக்கு ஒட்டி அறுத்துவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். திருக்கை கொட்டினால் கொட்டிய இடத்தைத் தோல் பொறுக்கும் சூட்டு வெந்நீரில் வைத்து, உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கடலில் ஆபத்தென்றால் கடலோரக் காவல்படையை 1554-ல் அழைக்கலாம்.

வள்ளக்காரர்களே, தீவுக்குப் போகலாம் என்று யார் எவ்வளவு வாடகை நீட்டினாலும், வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதியை முதலில் கேளுங்கள். அது இல்லாமல் இயந்திரத்தைக் கிளப்பாதீர்கள்.