உறைந்த தொகை, வளரும் பிள்ளை
ஜீவனாம்ச உத்தரவை மாற்றுவது குறித்துச் சில குறிப்புகள்

1

பொதட்டூர்பேட்டையில் தெருவில் நின்று பேசுகிறவர்கள் தறிச் சத்தத்துக்கு மேலே குரலை ஏற்றித்தான் பேச வேண்டும். கோர்ட்டுக்குப் போய்வந்த குடும்பங்களின் பேச்சு மட்டும் தணிந்த குரலில் நடக்கிறது. ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். இது கதையல்ல, கணக்கு. பிள்ளைக்கு மூன்று வயதாக இருக்கும்போது தாயும் தகப்பனும் பிரிகிறார்கள். பிள்ளைக்கு மாதம் 1500 ரூபாய் என்று உத்தரவாகிறது. இப்போது பிள்ளைக்குப் பதினோரு வயது. பால் பவுடர் வாங்கின இடத்தில் இப்போது நோட்டுப் புத்தகம், டியூஷன், பஸ், செருப்பு. தொகை மட்டும் அதே 1500.

'கோர்ட்டு போட்டது அவ்ளோதான், அதுக்கு மேல எப்படிக் கேக்கறது?' என்கிறாள் தாய். 'கோர்ட்டு போட்டதைக் கட்டறேன், அதுக்கு மேல எதுக்குக் கேக்கறா?' என்கிறான் தகப்பன். சண்டை போட்டுக்கொண்டு பிரிந்த இரண்டு பேரும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகிறார்கள். தீர்ப்பு என்பது கல்லில் வெட்டியது, அதற்குக் காலம் கிடையாது என்பது இருவரின் நம்பிக்கையும். இந்த நம்பிக்கை சட்டப்படி தவறு. அது எங்கிருந்து வந்தது என்பதையும், தவறு என்று தெரிந்துகொள்வதால் என்ன ஆகும் என்பதையும் பார்ப்பதே இக்குறிப்புகளின் நோக்கம்.

2

மனைவி, பிள்ளை, பெற்றோருக்கான ஜீவனாம்சப் பிரிவு ஏன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குள் இருக்கிறது? கொலை, கொள்ளை, ஜாமீன் இவற்றுக்கு நடுவே பிள்ளையின் சோற்றுக்கு என்ன வேலை? 1872ஆம் ஆண்டு நடைமுறைச் சட்டத்தை எழுதிய ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் இதை மறைக்கவில்லை. ஆதரவற்றவர்கள் தெருவில் திரிவதைத் தடுப்பதற்கான ஏற்பாடாகவே அவர் இதைக் கண்டார். அதாவது காலனிய அரசின் கண்ணில் கைவிடப்பட்ட பிள்ளை ஒரு உரிமையாளர் அல்ல, எதிர்கால நாடோடி. நாடோடியாகாமல் இருக்க எவ்வளவு தேவையோ அவ்வளவு போதும். குடும்பத்தின் மீதான அக்கறையாகத் தோன்றுவது உண்மையில் தெருவின் ஒழுங்கு மீதான அக்கறை.

இந்தப் பார்வை சுதந்திரத்தோடு போய்விடவில்லை. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 125ஆம் பிரிவு 500 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று உச்சவரம்பு வைத்தது. மனைவி, பிள்ளைகள் எல்லாருக்கும் சேர்த்தே 500தானா என்ற கேள்வி வந்தபோது, 1978இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் ஆளுக்கு 500 என்று வாசித்தார். அது வாசிப்பின் கருணை. வரம்பு அப்படியேதான் இருந்தது. 2001ஆம் ஆண்டுத் திருத்தம்தான் அதை எடுத்தது. இருபத்தெட்டு வருஷம் அரிசி விலை ஏறியது, நூல் விலை ஏறியது, சட்டத்தின் 500 மட்டும் அசையவில்லை. 'கோர்ட்டுத் தொகை ஏறாது' என்ற ஊர் நம்பிக்கை வெறும் அறியாமை இல்லை. சட்டமே தலைமுறைக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் அது.

3

ஆனால் அதே சட்டத்துக்குள் அதற்கு எதிரான ஒரு கதவும் இருந்தது. 127ஆம் பிரிவு: சூழ்நிலை மாறியிருப்பதை நிரூபித்தால் தொகையை மாற்றலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் ஜீவனாம்சம் 144ஆம் பிரிவாகவும், தொகையை மாற்றுவது 146ஆம் பிரிவாகவும், நிறைவேற்றுவது 147ஆம் பிரிவாகவும் இருக்கின்றன. எண்கள் மாறினாலும் தர்க்கம் மாறவில்லை. இந்து திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்கீழ் பிள்ளைக்கு வாங்கிய உத்தரவையும் அவ்வப்போது திருத்தலாம். 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 25ஆம் பிரிவும் இதையே சொல்கிறது.

எது 'மாற்றம்'? பிள்ளை வளர்ந்தது, படிப்பு மாறியது, நோய் வந்தது, விலைவாசி ஏறியது, கட்டுகிறவரின் வரும்படி கூடியது. இவையெல்லாம் கூட்டிக் கேட்க. வேலை போனது, கை கால் விழுந்தது, தறியை விற்க நேர்ந்தது. இவை குறைத்துக் கேட்க. கதவு இரண்டு பக்கமும் திறக்கும். தகப்பனும் போகலாம். ஆனால் அவராகவே குறைத்துக் கட்ட முடியாது. உத்தரவு மாறும்வரை பழைய தொகை பாக்கியாக ஏறிக்கொண்டே இருக்கும். பாக்கிக்காக ஜெயிலுக்குப் போய்வந்தால் கடன் தீர்ந்தது என்ற எண்ணமும் உண்டு. 2013இல் தமிழ்நாட்டிலிருந்து சென்ற பூங்கொடி எதிர் தங்கவேல் வழக்கில், ஜெயில் கட்டவைப்பதற்கான வழியே தவிர, கட்டியதற்குச் சமமல்ல என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. இன்னொரு பக்கம், பாக்கிக்காக வாரண்ட் கேட்கிறவர் தொகை விழுந்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் மனு போட வேண்டும். 'பாத்துக்கலாம்' என்று விட்டால் அந்த வழி அடைபடும்.

மாற்றம் கோரும் மனுவை உத்தரவு போட்ட கோர்ட்டிலேயே போட வேண்டும். 2020 நவம்பரில் வந்த ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்புக்குப் பிறகு, ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் சொல்ல வேண்டும். வேறு சட்டத்தில் ஏற்கனவே உத்தரவு இருந்தால் மறைக்கக் கூடாது. வக்கீலுக்குக் காசில்லை என்றால், 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. தாலுகா சட்டப்பணிகள் குழுவைக் கேட்டால் போதும்.

4

மாற்றும் மனுவின் அரசியலை ஒரே வழக்கில் பார்க்க வேண்டுமானால் நூர் சபா காத்தூன் வழக்கைப் பார்க்கலாம். பீகாரில் 1993இல் மனைவிக்கு மாதம் 200, மூன்று பிள்ளைகளுக்குத் தலா 150 என்று உத்தரவு. அதன் பிறகு கணவர் மணவிலக்குச் செய்தார். 1986ஆம் ஆண்டு முஸ்லிம் பெண்கள் சட்டத்தைக் காட்டி உத்தரவை மாற்றச் சொல்லி மனுப் போட்டார். விசாரணை நீதிமன்றம் மனைவியின் பங்கை இத்தா காலத்துக்குச் சுருக்கியது, பிள்ளைகளின் பங்கைத் தொடவில்லை. உயர் நீதிமன்றம் பிள்ளைகளுக்கும் இரண்டு வயதுவரைதான் என்றது. 1997இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, பிள்ளையின் உரிமை தாயின் மணவிலக்கோடு சேர்ந்து முடிந்துவிடாது என்று நிலைநாட்டியது.

150 ரூபாய்க்கு நான்கு வருஷம், நான்கு நீதிமன்றங்கள். தொகை சிறியது. ஆனால் அதற்குள்ளிருந்து பிறந்த கருத்து பெரியது: பிள்ளை தாயின் பின்னிணைப்பு அல்ல, தனி உரிமையாளர். இதன் விளைவுகள் ஊர்ப் பஞ்சாயத்து வரைக்கும் வர வேண்டும். 'ஒரே தடவையா இவ்ளோ வாங்கிக்கோ, இனிமே ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இல்ல' என்று தீர்த்துவிடும்போது தாய் தன் பங்கைப் பற்றிப் பேசலாம். பிள்ளையின் பங்கை விட்டுக்கொடுக்க அவளுக்கு அதிகாரம் கிடையாது. தாய் மறுமணம் செய்துகொண்டால் அவளுக்கான ஜீவனாம்சம் நிற்கும், பிள்ளைக்கானது நிற்காது. தாய் சம்பாதித்தால் தகப்பன் விடுபடுவதில்லை. 2000ஆம் ஆண்டு பத்மஜா சர்மா வழக்கில் இருவரும் சம்பாதிப்பவர்கள். சுமையைத் தகப்பனுக்கு இரண்டு பங்கு, தாய்க்கு ஒரு பங்கு என்று உச்ச நீதிமன்றம் பிரித்தது.

5

இப்போது தறிக்கு வருவோம். பிரமாணப் பத்திரம் சம்பளச் சீட்டு உள்ளவனை மனதில் வைத்துக் கட்டப்பட்ட பிரதி. பாவு வாங்கி நெய்து கூலி வாங்குகிறவனுக்குச் சீட்டு ஏது? முதலாளியின் கணக்கு நோட்டு முதலாளி வீட்டில். 'கூலி இல்ல, பாவு இல்ல, தறி ஓடல' என்று சொன்னால் எதிர்த்துக் காட்டுவது கஷ்டம். ஆனாலும் தறியின் எண்ணிக்கை, மின் இணைப்பு, கட்டின வட்டி, வாங்கின வண்டி இவையெல்லாம் பேசும். உடம்பில் தெம்பும் வேலை செய்யும் திறனும் உள்ளவன் வருமானமே இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது என்பதும் நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொன்னது.

அதைவிட ஆழமான கேள்வி வேறு. வீட்டுத் தறியின் கூலி யாருடைய வருமானம்? தார் சுற்றியது யார்? அறுந்த இழையைப் பிணைத்தது, இரவில் நூல் எடுத்து வைத்தது யார்? கூலி வாங்கின கை ஒன்று, உழைத்த கைகள் பல. சேர்ந்து வாழ்ந்த நாளில் அவள் உழைப்பு 'வீட்டு வேலை'. பிரிந்த பிறகு அந்தக் கூலி முழுக்க 'அவன் வருமானம்'. பிறகு அதிலிருந்து ஒரு துண்டு அவளுக்கும் பிள்ளைக்கும் 'கொடுக்கப்படுகிறது'. கேட்பவள் யாசிப்பவளாகத் தெரிவது இந்தப் பெயர் மாற்றத்தால்தான். ஜீவனாம்சம் என்ற சொல்லில் 'அம்சம்' என்றால் பங்கு. பங்கைக் கேட்பதற்குக் கூச்சம் எதற்கு?

6

1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி வட்டாரம் சென்னை மாநிலத்துக்கு வந்தது. கோடு மாறினாலும் சம்பந்தம் மாறவில்லை. இங்கே பெண் கொடுத்து நகரியிலும் புத்தூரிலும் சம்பந்தி வைத்திருக்கும் வீடுகள் உண்டு. 'அவன் ஆந்திரா பக்கம் போயிட்டான், இனி என்ன பண்ண முடியும்' என்பது அடிக்கடி கேட்கும் வாக்கியம். மாநில எல்லை இந்தச் சட்டத்துக்கு எல்லை அல்ல. தாய் குடியிருக்கும் இடத்தில் வழக்குப் போடலாம். உத்தரவை அவர் இருக்கும் இடத்து மாஜிஸ்திரேட் மூலம் நிறைவேற்றலாம்.

சில நாடுகளில் பிள்ளையின் பங்கு சூத்திரத்தால் கணக்கிடப்படுகிறது. ஆஸ்திரேலியாவின் முறை அப்படிப்பட்டது. நம்மிடம் சூத்திரமில்லை. இத்தனை வருஷத்துக்கு ஒருமுறை இத்தனை சதவீதம் ஏறும் என்று உத்தரவிலேயே எழுதச் சொல்லிக் கேட்கலாம். அப்படி எழுதப்பட்ட உத்தரவுகளும் உண்டு. முதல் மனுவிலேயே கேட்டுவிட்டால் எட்டு வருஷம் கழித்து மறுபடி படியேற வேண்டியதில்லை.

ஒரு பாவு முடிந்தால் தறியை யாரும் உடைப்பதில்லை. பழைய பாவின் முனையில் புதுப் பாவின் இழைகளைப் பிணைத்து ஓட்டுகிறோம். உத்தரவை மாற்றுவதும் அவ்வளவுதான். பழைய தீர்ப்பை அவமதிப்பதில்லை, பழைய சண்டையைக் கிளறுவதுமில்லை. பதினோரு வயதுப் பிள்ளை மூன்று வயதுப் பிள்ளையல்ல என்று கோர்ட்டுக்குத் தெரிவிப்பது. அதைத் தெரிவிக்க வேண்டியது தாயோ தகப்பனோ. பிள்ளை போய்ச் சொல்ல முடியாது.