மில் பென்ஷனை எந்த வயதில் வாங்கலாம்?

திண்டுக்கல், வேடசந்தூர் வட்டாரத்து நூல் மில்களில் 50 வயதைத் தாண்டியவர்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: “பென்ஷனை இப்பவே போட்டு வாங்கிக்கலாமா, 58 வரைக்கும் பொறுக்கணுமா?”

1995-ஆம் ஆண்டு தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் 10 ஆண்டு பணி இருந்தால் 58 வயதில் முழு பென்ஷன். வேலையை விட்டவர்கள் 50 வயதிலிருந்தே வாங்கலாம்; ஆனால் 58-க்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் பிடிப்பார்கள். 58 ஆன பிறகு அந்தப் பிடித்தம் நீங்கிவிடும் என்று பலர் நம்பியிருக்கிறார்கள். நீங்காது, ஆயுள் முழுக்க அதே தொகைதான். கணவர் இறந்தபின் மனைவிக்கு வரும் பாதி பென்ஷனும் அந்தக் குறைந்த தொகையில்தான் கணக்காகும்.

கணக்கு எளிது. கடைசி 60 மாதங்களில் பி.எப். பிடித்த சம்பளத்தின் சராசரியை (உச்சவரம்பு 15,000 ரூபாய்) பணி ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். சராசரி 10,500 ரூபாய், பணி 18 ஆண்டு என்றால் மாதம் 2,700 ரூபாய்.

இந்தக் கணக்கில் வரும் ஒருவர் 53 வயதில் மில்லை விட்டு நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உடனே வாங்கினால் சுமார் 2,200 ரூபாய். சும்மா வீட்டில் இருந்து 58 வரை காத்திருந்தால் 500 ரூபாய் கூடும். ஆனால் அந்த ஐந்து ஆண்டில் கைக்கு வராமல் போவது 1,30,000 ரூபாய்க்கு மேல். கூடுதலாக வரும் 500 ரூபாயை வைத்து அதை ஈடுகட்டுவதற்குள் வயது 80-ஐ நெருங்கிவிடும். வேறு வருமானம் இல்லாதவர் முன்கூட்டியே வாங்குவதில் தவறே இல்லை என்பேன்.

அதே ஆள் ஏதாவது ஒரு மில்லில் பி.எப். பிடித்தத்தோடு 58 வரை வேலை செய்தால் கதையே வேறு. பணி 23 ஆண்டாகும். 20 ஆண்டு முடித்து 58-இல் ஓய்வு பெறுபவருக்கு 2 ஆண்டு சேர்த்துத் தருவார்கள். ஆக 25 ஆண்டு. சம்பளம் அப்படியே இருந்தாலும் மாதம் 3,750 ரூபாய். உடம்பு ஒத்துழைத்தால் அந்த ஐந்து ஆண்டை விட்டுவிடாதீர்கள்.

இதைவிடப் பெரிய இழப்பு இளவயதில் நடக்கிறது. மில் மாறும்போதெல்லாம் படிவம் 10சி போட்டு பென்ஷன் பங்கை எடுத்துவிடும் பெண்கள் நிறைய. எடுத்துவிட்டால் அந்தப் பணிக்காலம் கணக்கிலிருந்து போய்விடும். எட்டாண்டு ஒரு மில், ஏழாண்டு இன்னொரு மில் என்று உழைத்தும் பத்தாண்டு தேறாது. யு.ஏ.என். எண்ணைக் கொடுத்து பழைய கணக்கைப் புதிய மில்லுக்கு மாற்றிக்கொண்டால் போதும்.

பென்ஷனுக்கான விண்ணப்பம் படிவம் 10டி. கணவன் மனைவி சேர்ந்து எடுத்த படம், ஆதார், வங்கி பாஸ்புக் வேண்டும். விண்ணப்பம் நின்றுபோவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில்தான்: ஆதாரில் ஒரு இனிஷியல், பி.எப். பதிவில் வேறொன்று, பிறந்த தேதி ஒத்துப்போகாதது, வேலையை விட்ட தேதியை மில் பதிவு செய்யாதது.

இவற்றை மில் ஆபீஸ் பக்கத்தில் இருக்கும்போதே சரிசெய்துவிடுங்கள். மாதந்தோறும் 27-ஆம் தேதி மாவட்டங்களில் பி.எப். குறைதீர் முகாம் நடக்கிறது; பாஸ்புக்கும் ஆதாரும் எடுத்துக்கொண்டு ஒருமுறை போய்ப் பாருங்கள்.