அரிப்பும் அதன் மூலமும்

உடம்பில் அரிப்புக் கண்டால் கடையில் ஒரு களிம்பை வாங்கித் தடவிக்கொள்வது நம்மவரிடையே உள்ள வழக்கம். அரிப்பு அடங்கிவிடலாம்; அதன் மூலம் உள்ளேயே இருக்கும். இதனை விளங்கிக்கொள்ள, இரத்தத்திலுள்ள ஒருவகை வெள்ளையணுவைப் பற்றி அறிதல் நலம்.

இயோசின் என்னும் செஞ்சாயத்தை ஏற்பதால் அவ்வணுவுக்கு இயோசினோபில் என்று பெயர். ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் 1879-இல் இதனை விளக்கினார். ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் இவ்வணுக்கள் சாதாரணமாக 500-க்கு மேற்படா. புழுக்கள் உடலில் புகுந்தாலும், ஒவ்வாமை நேர்ந்தாலும் இவை பெருகும். தோலிற் சென்று தங்கினால் தடிப்பும் அரிப்பும் உண்டாகும். ஆகவே, இப்பெருக்கம் பெரும்பாலும் வேறொன்றின் அடையாளமே. இவ்வணு மிகுந்து இந்தியர்களை வாட்டிய நுரையீரல் நோயைச் சிங்கப்பூரில் ஆராய்ந்தவர் டாக்டர் டி. ஜே. தனராஜ். யானைக்கால் புழுவுக்குரிய மருந்தே அந்நோயைத் தணிப்பதை அவர் 1958-இல் எழுதினார். மூலத்தை நாடுவதன் பயன் இதுவன்றோ!

தோலில் அம்மூலத்தை எப்படி அறிவது? முழங்கை, முழங்கால் மடிப்புகளில் நெடுநாள் நிலைப்பது பெரும்பாலும் கரப்பான். விரலிடுக்கில் தோன்றி, இரவில் மிகுந்து, வீட்டாருக்கும் தொற்றுவது சிரங்கு. நாயும் பூனையும் கழித்த மண்ணில் வெறுங்காலுடன் நடந்தவர் பாதத்தில் நெளிந்து நீளும் சிவந்த கோடு, கொக்கிப்புழுக் குஞ்சின் தடம்.

மருந்தும் மூலமாகலாம். யூரிக் அமில மூட்டுவலிக்குரிய அலோபியூரினால், வலிப்புக்குரிய கார்பமசெபின், பெனிட்டாயின் ஆகியவற்றைத் தொடங்கிய 2 முதல் 8 வாரங்களுக்குள் காய்ச்சல், முகவீக்கம், உடலெங்கும் தடிப்பு ஆகியவை தோன்றினால், அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். ஈரலும் சிறுநீரகமும் பழுதுற்று உயிருக்கே ஆபத்து நேரலாம். உண்ட மருந்துகளைக் கையோடு கொண்டுசெல்வது அவசியம்.

இனி ஸ்டீராய்டு. வைத்தியர் அளவறிந்து தந்தால் அது கரப்பானுக்கு நல்ல மருந்தே. ஆனால், மண்ணிலிருந்து பாதத்தின் வழியே நுழையும் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்னும் நூற்புழு, பல்லாண்டுகள் உடலில் மறைந்து வாழவல்லது. அதனை உடையவர் ஸ்டீராய்டு மாத்திரை உண்டால், புழு கட்டுக்கடங்காது பெருகி உயிரையும் மாய்த்துவிடக்கூடும். இன்று செராசிலும் கிள்ளானிலும் அடுக்குமாடிகளில் வாழும் முதியோருள், தோட்டத்தில் வெறுங்காலுடன் நடந்து வளர்ந்தோர் உண்டு. அச்செய்தியை அவர்கள் வைத்தியரிடம் முன்னரே சொல்லிவிட வேண்டும். பரிசோதனையில் புழு வெளிப்பட்டால், ஐவர்மெக்டின் மாத்திரையால் அதனை ஒழிக்கலாம்.

இரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனை எளியது. தேவையெனில், செராசிலுள்ள துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனை போன்றவற்றின் தோல் வைத்தியரிடம் அனுப்புவர். வகுப்பில் ஓயாது சொறியும் மாணவனைக் கடியாமல், அவன் பெற்றோருக்கு இதனை எடுத்துரைப்பது ஆசிரியர் கடமையாகும்.