ஒரே காற்று, கடலுக்கொரு பேர்

நம்ம வங்கக் கடலில் வந்தால் புயல். அட்லாண்டிக்கில் அதையே ஹரிக்கேன் என்பார்கள்; ஜப்பான், பிலிப்பைன்ஸ் பக்கம் டைபூன். எல்லாம் வெதுவெதுப்பான கடல்நீரில் கிளம்பிச் சுழலும் ஒரே ரகக் காற்றுதான். 1994-ல் பசிபிக்கில் 'ஜான்' என்கிற ஹரிக்கேன், சர்வதேசத் தேதிக்கோட்டை மேற்கே தாண்டியதும் டைபூன் ஆனது. திரும்பி வந்து வலுத்ததும் மறுபடி ஹரிக்கேன்! கூத்தைப் பாருங்க.

ஆனால் வேகக் கணக்கு வேற. ஹரிக்கேன் என்ற பேர் வாங்க மணிக்கு 119 கிலோமீட்டர் வேணும். நம்ம பக்கம் 62-லேயே புயல். 89-ல் தீவிரப் புயல். 118-ல் மிகத் தீவிரப் புயல். அதனால் ரேடியோவில் 'புயல்' என்றதும் எழுந்துவிடாமல், முன்னால் வரும் சொல்லையும் கேளுங்க. குலை தள்ளிய வாழைக்கு வெறும் புயலே போதும், முட்டு கொடுங்க. 'தீவிர' என்று வந்தால் தென்னையில் முற்றிய காய்களையும் அடிமட்டைகளையும் முந்தின நாளே இறக்கிடுங்க.